வேஷத்தில் கேட்காத ஒன்று

சித்தூர்
19 ஜனவரி 2025

தேவசேனாவுக்கு,

போனில் பேசினால் என்ன என்று மகள் பிரித்திகா கேட்கிறாள். பேசமாட்டேன். போனில் சொன்னதைப் பிறகு யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க ஊராருக்குப் பத்திரமும் மனுவும் எழுதியவன் நான். எழுதியதுதான் நிற்கும். நீயும் எழுத்தில்தான் பதில் சொல்லவேண்டும்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. செமினாருக்குக் கட்டுரை தயார் செய்யவேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் கடல் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். உனக்கு மட்டும் ஹாஸ்டல் வேண்டியிருக்கிறது. ஐம்பத்துமூன்று வயதில், மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு, பிஎச்.டி. மாணவி.

தங்கவேலு தன் டீக்கடையில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்கிறான். "இன்னாண்ணே, அண்ணி ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிக்கினு கீறாங்களாமே, நீ எந்தக் கிளாஸ்ல சேரப்போறே?" நாலு பேர் சிரித்தார்கள். பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது வேறு கடையில் குடிக்கிறேன். அங்கே டீ நன்றாக இல்லை.

நீ படிக்கிற பாடம் என்னவென்று மகளிடம் கேட்டுக்கொண்டேன். இக்கால ஆங்கில நாவல்களில் பாலினம், அடையாளம், பண்பாடு. ஹரிபாபு புத்தகக் கடையில் சொல்லி அந்த நாவல்களில் மூன்றை வரவழைத்தேன். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் என் ஆங்கிலம் யாரும் போட்ட பிச்சை இல்லை. கோர்ட்டுத் தீர்ப்புகளைப் படித்துப் படித்து நானாகச் சம்பாதித்தது. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒன்று கேட்கிறேன். மூன்றிலும் பெண் வீட்டை விட்டுப் போகிறாள், இல்லாவிட்டால் செத்துப்போகிறாள். வீட்டோடு இருக்கிறவளைப் பற்றி எழுத அவர்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் வரவில்லையா?

நீ கட்டுரை எழுதும் அந்த மீன்பிடிக்காரன் நாவலில் பாதி முடித்திருக்கிறேன். மனைவி செத்த பிறகு அவளுடைய கோட்டை மாட்டிக்கொண்டு, அவள் குரலிலேயே பிள்ளைகளை அதட்டுகிறான். பிள்ளைகளும் பயந்து கீழ்ப்படிகின்றன. இதைப் படிக்கவா திருப்பதிக்குப் போனாய்? மனைவியின் துணியைக் கட்டிக்கொண்டு தெருவில் போகிறவன் உன் வீட்டிலேயே இருக்கிறான்.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மே மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பிரித்திகா குழந்தையாக இருந்தபோது ஜுரத்தில் கிடந்தாள். பிழைத்தால், உயிரோடு இருக்கிறவரை வருஷா வருஷம் ஜாத்திரையில் நான் பெண் வேஷம் போடுவதாக நேர்த்தி. நம் வீட்டு வழக்கப்படி மனைவி உடுத்திய சேலையாக இருக்கவேண்டும். மனைவியின் கையால் கட்டியதாக இருக்கவேண்டும். ஒரு வருஷமும் நான் தவறியதில்லை. மூட்டு வலி வந்த வருஷமும் தவறவில்லை.

பீரோவில் அந்தக் கத்தரிப்பூக் கலர் சேலையைக் காணோம். நீ எடுத்துப் போயிருக்கிறாய். சேலையோடு வந்து சேரவும். சேலையை மட்டும் பார்சலில் அனுப்பலாம் என்று நினைக்கவேண்டாம்.

கமலக்கண்ணன்

*

திருப்பதி
2 பிப்ரவரி 2025

பிரித்திகா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஹாஸ்டல் ஆபீசுக்கு வந்தது. இங்கே யாருக்கும் கடிதம் வருவதில்லை. என் அறைத்தோழி ஸ்வர்ணலதா காளஹஸ்திப் பெண், என் மகளைவிடச் சின்னவள். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, அங்கிள் லவ் லெட்டர் போட்டிருக்காரா?" என்றாள். ஆமாம் என்றேன். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டவில்லை.

பஸ்ஸில் போய்வந்திருக்கலாம் என்பது உண்மை. நான் தங்குவதற்காகத்தான் வந்தேன். வீட்டில் இருந்து போய்வந்தால் படிப்பு, அடுப்புக்கும் துவைக்கிற கல்லுக்கும் மிஞ்சிய நேரமாகிவிடும். அந்த மாதிரி நேரத்தில்தான் தபாலில் எம்.ஏ. முடித்தேன். இதையும் அப்படி முடிக்க எனக்கு மனசில்லை.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தது. "சித்தூர் டாக்குமெண்ட் ரைட்டர் கமலக்கண்ணன் வீட்டுக்காரி, பிரித்திகா அம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேடம், "உங்க பேரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

சேலை என்னிடம்தான் இருக்கிறது. நான் அதைக் கட்டுகிறேன். உங்களுக்கு அது வருஷத்தில் ஒரு நாளைக்கு. எனக்கு மற்ற நாளைக்கும் அது சேலை.

ஒன்று உங்களுக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்பதால் எழுதுகிறேன். என் கட்டுரையில் அந்த மீன்பிடிக்காரன் நாவலோடு நம் ஜாத்திரையையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் பெயர் வராது. ஆனால் அந்த வருஷம் வரும்.

எந்த வருஷம் என்று நீங்கள் கேட்பீர்கள். பிரித்திகா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம். இதே ஊரில் எனக்கு எம்.ஏ. சீட் கிடைத்திருந்தது. ஜாத்திரையன்று காலையில் உங்களுக்குச் சேலை கட்டிவிட்டேன். எப்போதும்போல இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். கொசுவத்தைச் செருகி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வளையல் போட்டேன். வாசல் வரை போய்த் திரும்பினீர்கள். வேஷத்தில் இருக்கிறவர் எதைக் கேட்டாலும் அம்மன் கேட்பதாகத்தான் கணக்கு, இல்லை என்று சொல்லக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். மற்ற வருஷங்களில் அம்பலிக் கூழ் கேட்பீர்கள், வேப்பிலை கேட்பீர்கள். அந்த வருஷம், "படிக்கப் போற பேச்சை எனக்குக் குடுத்துடு" என்று கேட்டீர்கள். அக்கம்பக்கத்தார் எல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் கும்பிட்டேன். கொடுத்துவிட்டேன்.

கேட்டது அம்மனா, நீங்களா? பெண்ணின் துணியில் ஆண் பேசும்போது அது யாருடைய குரல்? என் கட்டுரையில் இருப்பது இந்த ஒரு கேள்விதான். நாவலைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கடைசியில் சின்ன மகள் ஒன்று சொல்வாள்.

தேவசேனா

*

சித்தூர்
16 மார்ச் 2025

தேவசேனாவுக்கு,

உன் கடிதத்துக்கு நான் எழுத்தில் பதில் போடவில்லை. நேரில் வந்தேன். நீ பார்த்தாய்.

செமினார் என்று மகள் சொன்ன தேதியில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் ஒரு பெண், "சார், நீங்க டெலிகேட்டா, பேரண்டா?" என்றாள். இரண்டும் இல்லை என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ படித்தாய். தடுமாறாமல் படித்தாய். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன்.

ஆனால் நீ படித்ததில் என்ன இருந்தது? ஒரு மனிதன் மனைவியின் சேலையைக் கட்டிக்கொள்கிறான். ஜாத்திரை வழக்கம் என்று தெருவில் இஷ்டத்துக்கு வசவு பேசுகிறான், கும்பிடு வாங்கிக்கொள்கிறான், தெய்வத்தின் பெயரால் மனைவியின் வாயை அடைக்கிறான். அவள் கட்டிவிட்டு வீட்டுக்குள் நிற்கிறாள். அறையில் இருந்தவர்கள் எல்லாம் அந்த மனிதனை நினைத்து உச்சுக்கொட்டினார்கள். அந்த மனிதன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தேன். தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். மனு அப்படித்தான் தொடங்கும். அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த நேர்த்தியை நேர்ந்துகொண்டது யார்? கட்டுரையில் அது ஏன் இல்லை?

தலைமை தாங்கியவர் உன் பக்கம் திரும்பி, "இந்தப் பெரியவர் யார், உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டார். மைக் உன் முன்னால் இருந்தது. அதனால் நீ சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது.

தெரியாது என்றாய்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இப்போது என் தரப்பை எழுதுகிறேன். நேர்ந்தது நீ. நான் அன்று ஊரிலேயே இல்லை. திரும்பி வந்தபோது, "அம்மனுக்கு உங்களை நேர்ந்துகினு கீறேன்" என்றாய். நான் மறுபேச்சு பேசவில்லை. உன் வாக்கை இத்தனை வருஷம் என் உடம்பில் சுமந்தேன். மீசையை எடுத்தேன். கட்சிக்காரர்கள் பார்க்க, வக்கீல்கள் பார்க்க, வளையல் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். அதெல்லாம் என் விளையாட்டு என்று படித்த சபையில் படித்தாய்.

அந்த வருஷம் கேட்டதும் நான் அல்ல. அம்மன் கேட்டாள். வேஷத்தில் பேசியது எதற்கும் நான் ஜவாப்தாரி இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நாவலை முடித்துவிட்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் அதட்டும்போது சின்ன மகள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா இப்படிப் பேசவே மாட்டா" என்கிறாள். அதோடு கதை முடிகிறது. அவன் பதில் சொல்ல ஒரு பக்கம்கூட அந்த ஆசிரியர் விடவில்லை. எதிர்த்தரப்பை விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு அது.

அந்தக் கட்டுரை அச்சுக்குப் போகக்கூடாது. நீ வீட்டுக்கு வந்து சேரவேண்டும். ஜாத்திரைக்கு முந்தின நாளுக்குள்.

கமலக்கண்ணன்

*

திருப்பதி
30 மார்ச் 2025

பிரித்திகா அப்பாவுக்கு,

சொன்னேன். தெரியாது என்றுதான் சொன்னேன்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். தாழ்மையுடன் என்று தொடங்கினீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் என் கணவர் என்று சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு அந்த அறையில் தேவசேனா இருக்கமாட்டாள். பழையபடி கமலக்கண்ணன் வீட்டுக்காரி எழுந்து வந்துவிடுவாள். அந்தப் பயத்தில் சொன்னேன். இறங்கி வெளியே ஓடிவந்தேன். அதற்குள் போய்விட்டீர்கள். நாற்காலியில் உங்கள் குடை இருந்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நான் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில், இது யாரென்று கட்சிக்காரர்கள் கேட்டால், "வூட்ல" என்பீர்கள். என் பெயரைச் சொன்னதில்லை. நானும் அதற்காக வருத்தப்பட்டதில்லை, அதனால் பழிக்குப் பழியாக இதை எழுதவில்லை. பக்கத்தில் நிற்கிற ஆளை ஒரே வார்த்தையில் இல்லாமல் செய்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்கு என் வாயாலேயே தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. என் கைடு மேடமும் அதைத்தான் சொன்னார். "அந்தப் பெரியவர் கேட்டதுக்குப் பதில் இல்லாம இந்தக் கட்டுரை நிக்காது" என்றார். அவருக்கு இன்னும் நீங்கள் யாரென்று தெரியாது.

பதில் எழுதிப் பார்த்தேன். அதை உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. நீங்கள் ஹைதராபாத்தில், யாருடைய நிலத் தகராறுக்கோ போயிருந்தீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அம்மனுக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்தேன். வீடு உங்களுடையது. நகை என் அம்மா வீட்டில் போட்டது, ஆனால் உங்கள் பீரோவில் இருந்தது, சாவி உங்கள் இடுப்பில். முடி கொடுக்கலாம் என்றால் அதற்கும் உங்களைக் கேட்கவேண்டும். என்னுடையது என்று சொல்லி எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் உங்களைக் கொடுத்தேன்.

வருஷத்தில் ஒரு நாள் என் சேலையில் நின்று பார்க்கட்டும் என்று ஒரு ஆசையும் அதில் இருந்தது. அதையும் மறைக்கவில்லை. என் சேலையில் நின்றால் என் கஷ்டம் தெரியும் என்று நினைத்தேன். என் சேலையில் நின்றுதான் என் படிப்பைக் கேட்டீர்கள்.

இதையும் கட்டுரையில் சேர்க்கிறேன். நேர்ந்தது நான் என்று எழுதுகிறேன். கட்டுரையை நிறுத்தமாட்டேன்.

ஜாத்திரைக்கு இங்கே வாருங்கள். ஸ்வர்ணலதாவின் பெரியம்மா வீடு கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறது. அங்கே வைத்துக் கட்டிவிடுகிறேன். அது என் வாக்கு, என் பங்கை நான் செய்வேன். சாயங்காலம் நீங்கள் சித்தூர் பஸ் ஏறுங்கள். நான் ஹாஸ்டலுக்குப் போகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். படிப்பு முடிந்த பிறகும் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. இதைச் சொல்லாமல் இருப்பது உங்களை ஏமாற்றுவது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள். பிரித்திகா கேட்டால் போட்டேன் என்று பொய் சொல்கிறீர்களாம்.

தேவசேனா

*

சித்தூர்
20 ஏப்ரல் 2025

தேவசேனாவுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தியின் பெரியம்மா வீட்டில் நின்று சேலை கட்டிக்கொள்ள நான் வரமாட்டேன். எனக்கு வீடு இருக்கிறது. அதில் கண்ணாடி இருக்கிறது, சுவர்க் கடிகாரம் இருக்கிறது. இத்தனை வருஷமும் அங்கே நின்றுதான் கட்டிக்கொண்டேன். அங்கே வந்து கட்டு. இல்லாவிட்டால் நேர்த்தி தவறிய பழி உன்மேல்தான்.

உன்னிடம் சொந்தமாக ஒன்றும் இல்லாததால் என்னைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். அதைப் பலமுறை படித்தேன். அப்படியானால் நான் உன்னுடையவன் என்று நீ அன்று ஒப்புக்கொண்டிருக்கிறாய். தனக்குச் சொந்தமில்லாத சொத்தை எவரும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தச் சொத்தை யாரென்றே தெரியாது என்று சபையில் சொல்லவும் முடியாது.

உன் மகளும் உன் பக்கம்தான். "நைனா, அம்மா மட்டும் எத்தினி நாளைக்குத்தான் உனக்காவ இருக்கணும்?" என்கிறாள். அவளுக்காகப் போட்ட வேஷம் இது. அவளே கேட்கிறாள்.

நீ மறந்துவிட்ட ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வேஷத்தில் இருக்கும்போது நான் கேட்டால் நீ இல்லை என்று சொல்லமுடியாது. எத்தனை நாவல் படித்தாலும் முடியாது. நீ ஒரு கேள்வியைக் கட்டுரையாக எழுதலாம், அம்மன் முன்னால் கொடுக்காமல் கையை மடக்கிக்கொண்டு நிற்க உனக்குத் தைரியம் வராது. உன்னை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வா என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

யோசித்துக்கொள்.

கமலக்கண்ணன்

*

திருப்பதி
15 மே 2025

பிரித்திகா அப்பாவுக்கு,

நீங்கள் வரச்சொன்ன நாளில் நான் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குப் பயம் வந்தது. ஆனாலும் சேலையை ஒரு பையில் எடுத்துக்கொண்டு கோயில் தெருவில் போய் நின்றேன். மனசு மாறிப் பின்தெரு வீட்டுக்கு வருவீர்களோ என்று ஸ்வர்ணலதா அங்கே உட்கார்ந்திருந்தாள், நான் தெருமுனையில்.

எத்தனை ஆண்கள், எத்தனை சேலைகள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆட்டோக்காரர்கள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு போகிறார்கள். வயதானவர்கள் வந்தால் மட்டும் முகத்தைப் பார்த்தேன். மஞ்சளும் பொய்முடியும் வைத்தபின் எல்லாக் கிழவர்களும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்.

வெயில் ஏறிய பிறகு ஒருவர் வந்தார். கடையில் வாங்கிய புதுச் சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கட்டத் தெரியாமல் கட்டியிருந்தார். கொசுவம் முழுக்க அவிழ்ந்து, அதை ஒரு கையில் திரட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வேப்பிலையோடு நடக்கமுடியாமல் நின்றார். யாரும் உதவவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கொசுவத்தை வாங்கினேன். மடித்துச் செருகினேன். நிற்காது போலத் தோன்றியது. என் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினேன்.

அப்போது அந்தப் பெரியவர் இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மேலே பார்த்தார். நடுத்தெருவில், இல்லாத சுவரில், இல்லாத கடிகாரத்தை.

எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் நிமிரவில்லை. உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷம் கேட்பீர்களோ என்று காத்திருந்தேன். நீங்கள் எழுதியது உண்மை. கேட்டிருந்தால் வந்திருப்பேன். இத்தனை நாவலையும் படித்து, அத்தனை பேர் முன்னால் அந்தக் கட்டுரையையும் படித்துவிட்டு, பையையும் சேலையையும் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் பஸ் ஏறியிருப்பேன். அதற்கு அப்புறம் இந்த ஊருக்குத் திரும்பியிருக்கமாட்டேன்.

நீங்கள் ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்து, முகத்தைப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து அழுதேன். தப்பித்துவிட்டேன் என்று அழுதேனா, நீங்கள் கேட்கவில்லையே என்று அழுதேனா, தெரியவில்லை. ஸ்வர்ணலதா இரண்டும்தான் என்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

ஏன் கேட்கவில்லை?

தேவசேனா

*

சித்தூர்
25 மே 2025

தேவசேனாவுக்கு,

நீ போன பிறகு நடந்ததை முதலில் எழுதுகிறேன். பக்கத்தில் அம்பலி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். "எவரு நாயனா ஆமெ? நீ பெண்ட்லாமா?" என்றாள். அவள் யார், உன் பெண்டாட்டியா என்று கேட்டாள். தெரியாது என்று தெலுங்கில் சொன்னேன். அவள் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தம்ளர் ஊற்றினாள். இதனால் உனக்கும் எனக்கும் கணக்கு நேராகிவிட்டது என்று எண்ணவேண்டாம். நீ சொன்னது மைக்கில். நான் சொன்னது தெருவில்.

இந்த வருஷத்து நேர்த்தியைப் பற்றி. சேலை உன்னுடையது அல்ல, கடையில் எடுத்தது. அந்த அளவில் குறைதான். ஆனால் அது அவிழ்ந்துவிட்டது. அவிழ்ந்ததை மறுபடி கட்டியது உன் கை. ஊக்கும் உன்னுடையது. அதனால் நேர்த்தி நிறைவேறியது என்றே நான் கொள்கிறேன். அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போது எழுதமாட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். வேஷத்தில் கேட்பது அம்மன்தான் என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். இந்த வருஷம் அம்மன் ஒன்றும் கேட்கவில்லை. வேண்டுமானால் உன் கட்டுரையில் இதையும் சேர்த்துக்கொள்.

அந்தக் கட்டுரை தவறு என்ற என் முடிவில் மாற்றம் இல்லை. ஹரிபாபுவிடம் சொல்லி உன் பாடத்தில் மிச்சமுள்ள நாவல்களையும் வரவழைக்கிறேன். அவற்றிலும் தவறு இருக்கும். கண்டுபிடித்து எழுதுவேன்.

வீட்டுக்கு வா என்று இனி எழுதமாட்டேன். வராதே என்றும் எழுதமாட்டேன். போகிறவர்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பதாகக் கதைகளில் வருகிறது. நான் தாழ் போட்டுத்தான் படுக்கிறேன். குடை உன்னிடமே இருக்கட்டும், மழைக்காலம் வருகிறது. கத்தரிப்பூச் சேலையை நீயே கட்டிக்கொள். ஊக்கைத் திருப்பி அனுப்பமாட்டேன்.

ஒரு திருத்தம். நான் கடிகாரத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். வீட்டில் நின்றதுபோலத்தான் தெருவிலும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீட்டில் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். தெருவில் ஏது கடிகாரம்? நீ குனிந்திருந்தாய். கீழே பார்த்தால் உன் தலை தெரியும். நரைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அதனால் மேலே பார்த்தேன்.

கமலக்கண்ணன்